கதைக்கு வாசல் வைப்போம்



சம்பளம் போட்ட மறு ஞாயிறு என்றால் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தனி மகிழ்ச்சி. 1980களின் இறுதியில் நான் சிறுவனாக இருந்தபோது, அன்றைக்கு என் தந்தையார் எங்களைக் குளுவாங் பட்டணத்துக்கு அழைத்துச் செல்வார். அரிசி, பருப்பு, மீன் எல்லாம் வாங்கிய பிறகு எனக்கு என்று ஒரு சிறு காசு மிஞ்சும். பேருந்து நிற்கும் இடத்துக்கு அருகில் ஒரு கடை. அதன் முன்னே கயிறு கட்டி, துணி மாட்டும் கிளிப்பில் தமிழ்ப் படக்கதைப் புத்தகங்களைத் தொங்கவிட்டிருப்பார்கள். “ஒண்ணே ஒண்ணு எடு, பஸ்ஸு வந்துரும்” என்பார் அப்பா. கடைக்காரரோ பிரித்துப் பார்க்க விடமாட்டார். ஆகவே மேலட்டையில் உள்ள பெயரையும் படத்தையும் மட்டும் பார்த்து, பத்துப் புத்தகத்தில் ஒன்றை நான் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறாக எடுத்துவிட்டால் அடுத்த சம்பளம் வரை அதையே படித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஒரு கதைக்குப் பெயர் என்பது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதை நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கற்பதற்கு முன்பே, அந்தக் கயிற்றின் கீழே நின்று கற்றுக்கொண்டேன். இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். நம் பிள்ளைகள் படக்கதை வரைகிறார்கள். அந்தக் கதைக்குத் தலைப்பு வைப்பது எப்படி, முகப்புப் பக்கம் அமைப்பது எப்படி, உள்ளே வரும் அத்தியாயங்களுக்குப் பெயர் சூட்டுவது எப்படி என்பதே இன்றைய பேச்சு. பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து கேட்க வேண்டுகிறேன்.

முதலில் தமிழ்ப் படக்கதை உலகம் நமக்குத் தந்திருக்கும் நல்ல பெயர்கள் சிலவற்றைப் பார்ப்போம்.

1972ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் புத்தகத்தின் பெயர் ‘இரும்புக்கை மாயாவி’. இந்தக் கதை பிறந்தது இங்கிலாந்தில். 1962இல் ‘வேலியன்ட்’ என்னும் வார இதழில் வாரத்துக்குச் சில பக்கங்களாக வந்தது. ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘தி ஸ்டீல் கிளா’. எஃகு நகம் என்பது அதன் நேர்ப்பொருள். கதாநாயகனுக்கு ஒரு கை இரும்பாலானது. உடம்பில் மின்சாரம் பாய்ந்ததும் அவன் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடுவான். ஆனால் அந்த இரும்புக்கை மட்டும் மறையாது.

தமிழில் பெயர் வைத்தவர்கள் ‘எஃகு நகம்’ என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. ‘இரும்புக்கை’ என்றார்கள், ‘மாயாவி’ என்றார்கள். இரும்பு கனமானது, கண்ணுக்குத் தெரிவது. மாயாவியோ கண்ணுக்கே தெரியாதவன். ஒன்றுக்கொன்று ஒவ்வாத இரண்டை ஒரே பெயரில் பூட்டிவிட்டார்கள். கேட்டவுடனே பிள்ளையின் மனம், ‘மறைந்து போகிறவனுக்கு இரும்பில் ஏன் கை?’ என்று கேட்கிறது. அந்தக் கேள்வி எழுந்தால் போதும். கை தானாகவே புத்தகத்தைப் புரட்டும்.

அடுத்து 1984ஆம் ஆண்டுக்கு வருவோம். அந்த ஆண்டு லயன் காமிக்ஸ் தொடங்கியது. அதன் முதல் புத்தகம் ‘கத்தி முனையில் மாடஸ்டி’. மாடஸ்டி என்பது கதாநாயகியின் பெயர். இந்தத் தலைப்பில் வினைச்சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஓர் இடம், ஓர் ஆள், அவ்வளவுதான். நாம் இலக்கண வகுப்பில் படிக்கும் ஏழாம் வேற்றுமையின் ‘இல்’ உருபு இங்கே ஓர் உயிரை ஆபத்தில் நிறுத்திவிடுகிறது. கத்தி யாருடையது, தப்புவாளா என்பதைத் தலைப்பு சொல்லவில்லை.

அதே ஆண்டில் தொடங்கிய ராணி காமிக்ஸின் முதல் புத்தகம் ‘அழகியைத் தேடி’. இதில் ‘தேடி’ என்பது வினையெச்சம். எச்சம் என்றால் மிச்சம், குறை. ‘தேடி வந்தான்’, ‘தேடிப் போனான்’ என்று ஒரு வினைமுற்று வந்தால்தான் வாக்கியம் நிறைவடையும். தலைப்பு அதைத் தரவில்லை. அந்த முற்றைத் தேடித்தான் வாசகன் உள்ளே போகிறான். தமிழ் இலக்கணத்தில் எச்சம் எதற்கு என்று கேட்கும் மாணவனுக்கு நான் இந்தத் தலைப்பைத்தான் காட்டுவேன்.

லயன் காமிக்ஸில் ஸ்பைடர் என்னும் பாத்திரம் வந்த முதற்கதையின் பெயர் ‘எத்தனுக்கு எத்தன்’. ஒரு சொல்லை இரண்டு முறை வைத்து, நடுவில் ‘கு’ உருபைச் செருகியதும் இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்றுவிட்டார்கள். ‘வல்லவனுக்கு வல்லவன்’ என்று நம் வீடுகளில் பேசும் பேச்சுத்தான் இது. எங்கிருந்தோ வந்த கதைக்கு நம் பாட்டி பேசும் மொழியில் பெயர் கிடைத்தது. அதனால்தான் அது மனத்தில் நின்றது.

நேயர்களே, இந்த நான்கிலும் ஒரு பொது உண்மை இருக்கிறது. நல்ல தலைப்பு கதையைச் சொல்லிவிடுவதில்லை, மறைத்துவிடுவதும் இல்லை. பாதியைச் சொல்லிப் பாதியை நிறுத்திவைக்கிறது. பாதி திறந்த கதவைப் பார்த்தால் உள்ளே எட்டிப்பார்க்கத் தோன்றும் அன்றோ?

கதவு என்று சொன்னேன். இது வெறும் உவமையன்று. ஜப்பான் நாட்டில் படக்கதைகள் பருமனான வார இதழ்களில் வருகின்றன. ஒரே இதழில் பல கதைகள் அடுத்தடுத்து இருக்கும். ஒரு கதை முடிந்து இன்னொன்று தொடங்குவதை வாசகன் அறியும்படி, பெயரும் படமும் தாங்கிய ஒரு முகப்புப் பக்கத்தை வைப்பார்கள். அந்தப் பக்கத்துக்கு அவர்கள் வழங்கும் பெயர் ‘தோபிரா’. அச்சொல்லுக்குக் கதவு என்றே பொருள்.

அமெரிக்காவில் வில் ஐஸ்னர் என்னும் ஓவியர் ‘தி ஸ்பிரிட்’ என்ற படக்கதையை 1940 ஜூன் மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாள்களின் இணைப்பில் வரைந்து வந்தார். கதைக்குப் பெரும்பாலும் ஏழே பக்கங்கள். தனியாக மேலட்டை கிடையாது. ஆகவே முதல் பக்கத்தையே அவர் மேலட்டையாக்கினார். நாயகனின் பெயரை மேலே ஒட்டவைக்காமல், எழுத்துகளையே உயர்ந்த கட்டடங்களாகவும், காற்றில் பறக்கும் காகிதத் துண்டுகளாகவும் வரைந்தார். தலைப்பும் படமும் ஒன்றாகிவிட்டன.

நம் பக்கத்திலும் ஒரு சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. 1947இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’வை உங்கள் தாத்தா பாட்டியர் படித்திருப்பார்கள். அதில் வேதாளக் கதைகளுக்கு ஓவியர் சங்கர் வரைந்த படத்தை மறந்தவர் இருக்க முடியாது. விக்கிரமாதித்த மன்னன் தோளில் சவத்தைச் சுமந்து, கையில் வாளோடு இருட்டில் நடந்து வருவான். அந்தக் காட்சியைக் கண்டவுடனே, எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளையும் ‘வேதாளம் வந்துவிட்டது’ என்று கூவும். அதன்கீழ் வரும் கதையின் பெயரோ மாதம் தோறும் புதிது. மாறாத ஒன்று, மாறும் ஒன்று. தொடராகப் படக்கதை வரையும் பிள்ளைகள் இந்த முறையைப் பின்பற்றலாம். நாயகனின் அடையாளம் ஒவ்வொரு பகுதியிலும் ஒரே இடத்தில், ஒரே வடிவில் இருக்கட்டும். பகுதியின் பெயர் மட்டும் மாறட்டும்.

இனி என் வகுப்பறைக்கு வருகிறேன்.

2006 டிசம்பரிலும், அது வடிந்து மூச்சுவிடுவதற்குள் 2007 ஜனவரியிலும் ஜொகூர் மாநிலத்தைப் பெருவெள்ளம் தாக்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். கோத்தா திங்கி, சிகாமட் போன்ற ஊர்கள் நீரில் மூழ்கின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டைவிட்டு வெளியேறின. நான் அப்போது ஒரு தோட்டப்பள்ளியில் இளம் ஆசிரியன். வெள்ளம் வடிந்து பள்ளி திறந்த பிறகு, ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளைப் படக்கதை வரையச் சொன்னேன்.

வந்த கதைகளைப் பார்த்து வியந்தேன். ‘மர்ம மாளிகை’, ‘லண்டனில் கொலை’, ‘ரத்தக் காட்டேரி’. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்ததைக் கண்ட பிள்ளைகள், கண்ணால் காணாத மாளிகையை வரைந்திருந்தார்கள். ஒரே ஒரு மாணவி மட்டும் ‘வெள்ளம்’ என்று எழுதியிருந்தாள். பதினாறு பக்கம், உழைத்து வரைந்திருந்தாள். ஆனால் வகுப்பில் அதை யாரும் படிக்கவில்லை. கையில் எடுப்பார்கள், அட்டையைப் பார்ப்பார்கள், வைத்துவிடுவார்கள். ஏனென்று கேட்டேன். ஒரு பையன் சொன்னான்: “அதான் தெரியுதே சார். தண்ணி வந்துச்சு, படகு வந்துச்சு, பாட்டியக் காப்பாத்திட்டாங்க.”

உண்மைதான். முகப்புப் பக்கத்திலேயே மழை, மூழ்கிய வீடு, படகு, படகில் பாட்டி எல்லாவற்றையும் அவள் வரைந்துவிட்டாள். உள்ளே பார்க்க எதுவும் மிஞ்சவில்லை.

அந்தப் பிள்ளையிடம், “அன்றைக்கு உன் கண்ணில் முதலில் பட்டது என்ன?” என்று கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “மங்கு சார்” என்றாள். பால் மங்கு. மரத்தில் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் மங்கு ஒன்று, விடியற்காலையில் மிதந்து வந்து அவர்கள் வீட்டு வாசற்படியில் முட்டிக்கொண்டு நின்றதாம். வெட்டுக்காட்டில் இருக்க வேண்டிய மங்கு வாசலுக்கு வந்தால், காடு முழுவதும் தண்ணீர் என்றுதானே பொருள்?

“இதைத்தான் பிள்ளை, முகப்பில் வரைய வேண்டும்” என்றேன். அவள் புதிய பக்கம் ஒன்றை எடுத்தாள். பாதி திறந்த கதவு, படிக்கட்டு, கறுத்த தண்ணீர், அதில் ஒரே ஒரு மங்கு. மனிதர் யாருமில்லை. தலைப்பு, ‘வாசலுக்கு வந்த மங்கு’.

அடுத்து அத்தியாயங்கள். அவள் நான்கு அத்தியாயங்களாகப் பிரித்து, ‘முதல் நாள்’, ‘இரண்டாம் நாள்’, ‘பாட்டி காப்பாற்றப்பட்டார்’, ‘வீடு திரும்பினோம்’ என்று எழுதியிருந்தாள். முதல் இரண்டும் வெறும் எண்கள். எந்தக் கதைக்கும் பொருந்தும். மூன்றாவது பெயர் முடிவைக் காட்டிக்கொடுத்துவிட்டது. பாட்டியின் பகுதியில் என்ன நடந்தது என்று கேட்டேன். படகு வந்தும் பாட்டி ஏற மறுத்தாராம். டிரங்குப் பெட்டி இல்லாமல் வரமாட்டேன் என்று கட்டிலின்மேல் உட்கார்ந்துவிட்டாராம். அந்தப் பெட்டியில் நகை இல்லை, பணம் இல்லை. வீட்டில் உள்ள அத்தனை பேருடைய பிறப்புப் பத்திரங்களும் அதில்தான் இருந்தன. பத்திரம் இல்லாதவர் படும் பாட்டைப் பாட்டி தம் வாழ்நாளில் பார்த்தவர்.

அந்த அத்தியாயத்துக்குப் ‘பாட்டி விடாத பெட்டி’ என்று அவளே பெயர் வைத்தாள். மற்றவை ‘படியேறிய தண்ணீர்’, ‘கூரையில் ஒரு கோழி’, ‘சுவரில் ஒரு கோடு’. வெள்ளம் எதுவரை ஏறியது என்பதைச் சேறு சுவரில் கோடாகக் காட்டியிருந்தது. அதுதான் அந்தக் கடைசிப் பெயர்.

அத்தியாயப் பெயர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியது எல்லாம் இதில் அடங்கிவிட்டது. அந்த அத்தியாயத்துக்கு மட்டுமே பொருந்தும் பெயராக இருக்க வேண்டும். கண்ணால் காணக்கூடிய ஒரு பொருளோ ஓர் இடமோ ஒரு செயலோ அதில் இருக்க வேண்டும். முடிவைச் சொல்லக் கூடாது. நான்கு பெயர்களையும் வரிசையாக வாசித்தால் படிக்கட்டு ஏறுவது போல் கதை நகர்வது தெரிய வேண்டும். கல்கி 1950இல் ‘பொன்னியின் செல்வன்’ தொடரைத் தொடங்கியபோது முதல் அத்தியாயத்துக்கு ‘ஆடித்திருநாள்’ என்று பெயரிட்டார். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய சோழ நாட்டுக்குள் வாசகரை அழைத்துச் செல்ல, அவர்கள் வீட்டிலேயே கொண்டாடும் ஒரு நாளைப் பிடித்தார். தெரிந்ததில் தொடங்கித் தெரியாததற்குக் கூட்டிப் போவது நல்ல ஆசிரியரின் வழி.

இப்போது பிள்ளைகளுக்குச் சில செய்முறைகள். பென்சில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. தலைப்பைக் கடைசியில் முடிவு செய்யுங்கள். வரையும்போது தற்காலிகமாக ஒரு பெயர் இருக்கட்டும். கதை முடிந்ததும் பத்துப் பெயர்களை எழுதி, ஒன்பதை அடித்துவிடுங்கள். ‘மர்மம்’, ‘பயங்கரம்’, ‘ரத்தம்’ என்னும் சொற்களை முதலில் அடியுங்கள். பலர் கைபட்டு அவை தேய்ந்துவிட்டன.

இரண்டு. படம் வரையும் முன்பே தலைப்புக்கு இடம் ஒதுக்குங்கள். படத்தை முடித்துவிட்டு மூலையில் எழுத்தைத் திணித்தால் பாயில்லாமல் படுத்த விருந்தாளி போல் இருக்கும். பக்கத்தின் மூன்றில் ஒரு பங்கு தலைப்புக்கு என்று பென்சிலால் கோடு போட்டுவிடுங்கள்.

மூன்று. நம் எழுத்துகளின் இயல்பை அறிந்து எழுதுங்கள். ‘கி’, ‘கீ’ என்பவற்றின் சுழி மேலே ஏறும். ‘கு’, ‘மூ’ போன்றவை கீழே இறங்கும். இரண்டு வரியில் தலைப்பு எழுதும்போது மேல் வரியின் காலும் கீழ் வரியின் தலையும் முட்டிக்கொள்ளும். இடைவெளி விடுங்கள். வரியை மடக்கும்போது சொல் முடியும் இடத்தில் மடக்குங்கள். ‘இரும்புக்கை’ ஆறு எழுத்து, ‘மாயாவி’ மூன்று எழுத்து. மேலே ஆறு, கீழே மூன்று என்று வைத்து, கீழே உள்ளதைப் பெரிதாக எழுதினால் கம்பீரமாக இருக்கும்.

நான்கு. பிழை நீக்குங்கள். உள்ளே ஒரு பிழை இருந்தால் ஒருவர் காண்பார். தலைப்பில் இருந்தால் ஊரே காணும். ‘இரும்புக்கை’ என்பதில் வரும் ‘க்’ போன்ற வல்லின ஒற்றை விட்டுவிடாதீர்கள். ஐயம் இருந்தால் ஆசிரியரைக் கேளுங்கள்.

ஐந்து. தலைப்பு சொன்னதையே படமும் சொல்ல வேண்டாம். தலைப்பில் பெட்டி இருந்தால் படத்தில் பாட்டியின் கைகளை வரையுங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு கேள்வி பிறக்க வேண்டும். முகப்பில் ஓர் ஆள் நடந்தால், ஏடு புரளும் வலப்பக்கம் நோக்கி நடக்கட்டும். வாசகனும் அவனோடு உள்ளே நடப்பான்.

ஆறு. முடித்த பக்கத்தைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பத்து அடி தள்ளி நின்று பாருங்கள். தலைப்பு படிக்க முடிகிறதா? எழுத்தை நெருப்பாகவும் பாம்பாகவும் வளைத்தால் அழகுதான். ஆனால் படிக்க முடியாத அழகு கதைக்கு உதவாது. கடையில் தொங்கும் புத்தகத்தைக் காசோடு நிற்கும் பையன் தூரத்திலிருந்துதான் பார்க்கிறான்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. படக்கதை படித்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்று சிலர் கருதுகிறார்கள். நம் நாட்டு ஓவியர் லாட் பேராக் மாநிலத்துக் கிராமத்தில் பிறந்தவர். தம் இளமைக் காலத்தை வரைந்து 1979இல் வெளியிட்டார். அதன் பெயர் ‘கம்போங் பாய்’, அதாவது கிராமத்துப் பையன். அதில் மாளிகை இல்லை, மாயமும் இல்லை. தன் ஊரையும் தன்னையும் இரண்டே சொல்லில் பெயராக்கினார். அந்தப் புத்தகம் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டுப் பல நாடுகளில் படிக்கப்பட்டது. வெட்டுக்காடும், பெரட்டுக் களமும், ஆயாக் கொட்டகையும் நம் பிள்ளைகளின் தலைப்பில் ஏறத் தகுதியற்றவையா என்ன?

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். பெற்றோர் கூடிய நாளில் பிள்ளைகளின் புத்தகங்களை மேசையில் பரப்பியிருந்தோம். அந்த மாணவியின் தாயார் வெட்டு முடித்து நேராக வந்திருந்தார். மேசையைக் கடந்து போனவர், மங்கு படத்தைக் கண்டதும் நின்றார். எடுத்தார். நின்றபடியே கடைசிப் பக்கம் வரை படித்தார். பிறகு என்னிடம், “சார், அன்னிக்கி இந்த மங்க மொதல்ல பார்த்தது நாந்தான்னு நெனச்சேன். புள்ள பயந்துரும்னு யார்கிட்டயும் சொல்லல. அதுவும் பார்த்துட்டு, நான் பயந்துருவேன்னு சொல்லாம இருந்திருக்கு” என்றார்.

புத்தகத்தை ஓர் இரவு வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்டார். மறுநாள் மாணவி திருப்பிக் கொடுத்தபோது, பாட்டி என்ன சொன்னார் என்று கேட்டேன். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முகப்புப் பக்கத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, “நம்ம வூட்டு வாசப்படி” என்றாராம். பிறகு, பேத்தியை உட்காரவைத்து முழுவதையும் படிக்கச் சொல்லிக் கேட்டாராம்.

அந்த வீட்டு வரிசை இன்று இல்லை. அங்கே செம்பனை நிற்கிறது; குடும்பங்கள் பட்டணத்துக்குப் போய்விட்டன. அந்த வாசற்படி மட்டும் ஒரு பிள்ளை வரைந்த முகப்புப் பக்கத்தில் இருக்கிறது. இன்றிரவு உங்கள் பிள்ளை பென்சிலை எடுத்தால், “என்ன கிறுக்குகிறாய்?” என்று கேட்காமல், “கதைக்கு என்ன பேரு?” என்று கேளுங்கள்.